நாபோத்தின் தோட்டமும் காங்கோவின் மண்ணும்



நம் கைப்பேசியின் மின்கலத்திலுள்ள கோபால்ட் பெரும்பாலும் காங்கோ மக்களாட்சிக் குடியரசின் மண்ணிலிருந்து வருகிறது. உலகில் தோண்டப்படும் கோபால்ட்டில் பாதிக்கும் மேல் அந்நாட்டினுடையதே. அம்மக்களோ உலகின் மிக வறியவர்களுள் இருக்கின்றனர்.

இது இன்று தொடங்கிய கொள்ளை அல்ல. 1885 முதல் 1908 வரை பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டு அந்நாட்டைத் தம் சொந்தச் சொத்தாகவே வைத்திருந்து, ரப்பருக்காக மக்களை வதைத்தார். அவர் ஒரு கத்தோலிக்க மன்னர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1960 ஜூனில் விடுதலை வந்தது. அடுத்த மாதமே தாமிரம் கொழிக்கும் கட்டாங்கா மாநிலம் பிரிந்தது. பெல்ஜியப் படையும் சுரங்க நிறுவனமும் அதற்குத் துணை நின்றன. பிரதமர் லுமும்பா 1961 ஜனவரியில் அங்கேதான் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அரசர்கள் முதல் நூலில் ஆகாபு நாபோத்தின் தோட்டத்தை முதலில் விலைக்குத்தான் கேட்டான். மறுத்த பிறகே பொய்ச்சாட்சியும் கல்லெறியும் வந்தன. காங்கோவிடம் விலை கேட்டவர்கள்கூட குறைவு.

1996இலும் 1998இலும் ருவாண்டாவும் உகாண்டாவும் படை அனுப்பின. எல்லைப் பாதுகாப்பு என்றார்கள். தங்கமும் கோல்டானும் எல்லை தாண்டின. 1996 அக்டோபர் 29 அன்று புகாவு பேராயர் கிறிஸ்டோப் முன்சிகிர்வா, இயேசு சபைத் துறவி, சுட்டுக் கொல்லப்பட்டார். பன்னாட்டு நீதிமன்றம் 2022இல் உகாண்டா 32.5 கோடி டாலர் இழப்பீடு தரவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. உயிரிழந்தோரின் எண்ணிக்கைக்கு முன் அது சிறு தொகையே.

2023இல் கின்ஷாசா சென்ற திருத்தந்தை பிரான்சிஸ், ஆப்பிரிக்காவின் கழுத்தை நெரிப்பதை நிறுத்துமாறு வல்லரசுகளைக் கேட்டார். ஆனால் 2025 ஜனவரியில் கோமா நகரமும் பிப்ரவரியில் புகாவும் எம்23 படையிடம் வீழ்ந்தன. ருவாண்டா அப்படைக்கு உதவுகிறது என்கின்றனர் ஐ.நா. வல்லுநர்கள், ருவாண்டா அதை மறுக்கிறது.

அப்படியானால் கைப்பேசியைத் தூக்கி எறிவதா என்று சிலர் கேட்கலாம். அதனால் ஒரு சுரங்கத் தொழிலாளியின் கூலியும் உயராது. தாதுவை எங்கே, யாரிடம் வாங்கினீர்கள் என்று நிறுவனங்களைக் கேட்கும் சட்டங்களை ஆதரிப்பதே பயன் தரும்.

அதே கோமாவின் எல்லையில் சரக்குகளைச் சோதிக்கும் பணியில் இருந்த புளோரிபெர் புவானா சுயி என்ற இளைஞர், கெட்டுப்போன உணவுப்பொருளை உள்ளே விட லஞ்சம் வாங்க மறுத்தார். 2007 ஜூலையில், 26 வயதில், கடத்திக் கொல்லப்பட்டார். அவருடைய ஊர் வீழ்ந்து நான்கரை மாதம் ஆனபின், 2025 ஜூன் 15 அன்று உரோமையில் அவர் அருளாளராக உயர்த்தப்பட்டார்.