ஒன்பது வோல்ட் பேட்டரியைக் கேலி செய்யாதீர்கள்

போன பங்குனியில் எங்கள் பக்கத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரி. கிடார் வாசித்தவன் என் தங்கையின் பேரன். வீட்டில் இருந்த கிழங்கட்டைகள் எல்லோரும் நாற்காலி எடுத்துக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தோம். முதல் பாட்டு ஆரம்பிக்கும் முன்பே ஸ்பீக்கரில் 'உம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். கிடார் வால்யூமை ஏற்றினால் அதுவும் ஏறியது. இரண்டாவது பாட்டில் பாடகர் திரும்பி முறைத்தார். மூன்றாவது பாட்டில் பையன் குனிந்து எட்டு பெடலையும் கழற்றி வைத்துவிட்டு, வெறும் கிடாரை நேராக ஆம்பில் சொருகி வாசித்தான். சத்தம் தகர டப்பா மாதிரி இருந்தது. கச்சேரி முடிந்ததும் ட்ரூப் லீடர், "அடுத்த புரோகிராமுக்கு நான் வேற ஆளைப் பாத்துக்கறேன் தம்பி" என்று சொல்லிவிட்டார்.

அன்று மத்தியானம்தான் நான் அவனிடம், "ஏன்டா, இதுக்கெல்லாம் பேட்டரி போடலாமே" என்று கேட்டிருந்தேன். சிரித்தான். "தாத்தா, பேட்டரியெல்லாம் இப்ப யாரு போடறாங்க? ஒரே அடாப்டர், எட்டு பெடலுக்கும் வயர். கடையிலயே அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க" என்றான்.

இந்தப் பதிவு அவனைத் திட்டுவதற்காக அல்ல, அவனுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தவர்களோடு சண்டை போடுவதற்காக. 'பேட்டரி என்பது பழங்காலம், கஞ்சத்தனம், விஷயம் தெரியாதவன் செய்வது' என்ற பேச்சை இளைய கலைஞர்கள் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு.

நான் 34 வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவன். ஊரெல்லாம் கரண்ட் போய் இருட்டாகக் கிடக்கும்போது உங்கள் வீட்டுக் கறுப்பு டெலிபோன் மட்டும் எப்படி வேலை செய்தது என்று யோசித்திருக்கிறீர்களா? எக்ஸ்சேஞ்சில் தனி அறையில் 24 பெரிய செல்கள், செல்லுக்கு 2 வோல்ட், மொத்தம் 48 வோல்ட். உங்கள் டெலிபோன் அந்த பேட்டரியில்தான் ஓடியது. மெயின்ஸ் கரண்ட் அந்த பேட்டரியைச் சார்ஜ் செய்வதோடு சரி. நடுவில் பேட்டரி நின்றதால் லைனில் இரைச்சலும் அடங்கியிருந்தது. எனவே பேட்டரி என்றால் ஏழைக்கு ஏற்ற மாற்று என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், சனி ஞாயிறுகளில் திருச்சி சுற்றுவட்டாரத்தில் நானும் கிடார் வாசித்தேன். லால்குடி, மணப்பாறை, புதுக்கோட்டை என்று கூப்பிட்ட ஊருக்கெல்லாம் பஸ்ஸில் போவோம். வெளிநாட்டுப் பெடல் வாங்க வசதி கிடையாது. நண்பர் ஒருவர் மதராஸ் ரிச்சி தெருவில் ஏசி 128 ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் இரண்டு வாங்கி, ஒரு தகரப் பெட்டிக்குள் ஃபஸ் பெடல் செய்து கொடுத்தார். உள்ளே ஒரு 9 வோல்ட் பேட்டரி. ஒயரைச் சொருகினால் ஆன், உருவினால் ஆஃப். அந்தப் பெட்டி ஒரு மேடையில்கூட உறுமியதில்லை.

காரணம் எளிது. நம்முடைய மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்பார்மரும் டயோடுகளும் வைத்த மலிவான எலிமினேட்டர் அதை டி.சி.யாக மாற்றும்போது 100 ஹெர்ட்ஸ் அலை மிச்சம் நிற்கும். ஃபஸ், ஓவர்டிரைவ் பெடல்களின் வேலையே சின்னச் சத்தத்தைப் பல மடங்கு பெரிதாக்குவது. கிடாரோடு சேர்த்து அந்த அலையையும் பெரிதாக்கிவிடும். இப்போது வரும் ஸ்விட்சிங் அடாப்டர்களில் இந்த உம்ம் குறைவு. ஆனால் டிலே போன்ற டிஜிட்டல் பெடல் அதே வயரில் இருந்தால் அதன் 'கீச்' மற்ற பெடல்களுக்குள் போகும். பழைய ஜெர்மானியம் ஃபஸ் என்றால் இன்னொரு சிக்கல்: பெரும்பாலும் பாசிட்டிவ் எர்த். மற்ற பெடல்களோடு ஒரே வயரில் மாட்டினால் ஷார்ட்.

இதோடு நம் ஊர் மேடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மைக் செட், சீரியல் செட், டியூப் லைட், ஐஸ்கிரீம் வண்டி எல்லாவற்றுக்கும் ஒரே ஜெனரேட்டர். இரண்டு வயரைப் பிளக் இல்லாமல் சாக்கெட்டில் செருகித் தீக்குச்சி வைத்து இறுக்கியிருப்பார்கள். அந்தக் கரண்டில் என்ன வருகிறது என்று வாசிக்கிறவனுக்குத் தெரியாது. பெடலுக்குள் இருக்கும் பேட்டரி ஒன்றுதான் அவன் வீட்டிலிருந்து சோதித்துக் கொண்டுவந்த கரண்ட்.

"செலவாகுமே" என்பார்கள். கணக்கைப் பாருங்கள். நல்ல ஆல்கலைன் 9 வோல்ட் பேட்டரி சுமார் 500 மில்லி ஆம்பியர் மணி தாங்கும். ஃபஸ் பெடல் இழுப்பது 1 மில்லி ஆம்பியர் அளவுதான். நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓடும். ஓவர்டிரைவ் 10 இழுத்தாலும் 50 மணி நேரம். நான்கு மணி நேரக் கச்சேரி என்றால் பன்னிரண்டு கச்சேரி. ஒரு கச்சேரிக்கு என்று பிரித்துப் பார்த்தால் பெரிய செலவு இல்லை.

"நடுவில் தீர்ந்துபோனால்?" என்பார்கள். மீட்டர் எதற்கு இருக்கிறது? புது பேட்டரி 9 வோல்ட்டுக்குச் சற்று மேலேயே காட்டும். 8-க்குக் கீழே இறங்கினால் மாற்றிவிடுங்கள். வாசிக்காத நேரத்தில் ஒயரை உருவி வையுங்கள். பாதிப் பேருடைய பேட்டரி தீர்வது ராத்திரி முழுக்கச் சொருகியே வைப்பதால்தான்.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால் சிலதை ஒப்புக்கொள்ள வேண்டும். டிஜிட்டல் பெடல்கள் பல, 60, 100 மில்லி ஆம்பியர் என்று குடிப்பவை. அவற்றுக்கு இந்தச் சின்ன பேட்டரி கட்டுப்படியாகாது. ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கும் நல்ல சப்ளை வாங்குங்கள். கிடாரின் பிக்கப் காற்றிலிருந்து இழுக்கும் இரைச்சலையும் பேட்டரி நிறுத்தாது.

முக்கியமாக, பேட்டரி போட்டால் ஷாக் அடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். கிடார் கம்பி ஒயர் வழியாக ஆம்பின் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. ஆம்புக்குச் சரியான எர்த் இல்லாவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மைக்கில் வாய் வைத்த நொடியில் ஆபத்து. ஈர மேடையில் அது உயிருக்கே உலை. மூன்று பின் பிளக்கும் எர்த்தும் கேட்டு வாங்குங்கள். மைக்கைத் தொடும் முன் டெஸ்டர் வைத்துப் பாருங்கள்.

விழாக் கமிட்டியில் இருக்கும் என் வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பூ அலங்காரத்துக்கும் வாணவேடிக்கைக்கும் கணக்குப் பார்க்காமல் செலவு செய்கிறோம். இசைக் கலைஞர்களுக்கென்று எர்த் உள்ள ஒரு தனி லைன் இழுக்கச் சொல்லி எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நாம் கேட்காததற்குப் பழி அந்தப் பையன் தலையில் விழுந்தது. அவன் மூன்று வாரம் கிடாரையே தொடவில்லை. தனக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

நேற்று சாயங்காலம் வந்தான். வேறொரு ட்ரூப்பில் கிடார்காரருக்கு உடம்பு சரியில்லையாம், ஒரு நாளைக்கு மட்டும் கூப்பிட்டிருக்கிறார்கள். வாசலிலேயே நின்றுகொண்டு, "தாத்தா, அந்த மீட்டரைக் கொஞ்சம் குடுங்களேன்" என்றான். மீட்டரோடு இரண்டு புது பேட்டரியும் கொடுத்து அனுப்பினேன்.