உரிமை கேட்டால் திமிரா?

தோழர்களே, இளையராஜாவின் இசையை ‘கடவுள் தந்த வரம்’ என்கிறார்கள். வரமா அது? பண்ணைப்புரத்திலிருந்து கிளம்பி, அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் ஊர் ஊராக ஆர்மோனியம் வாசித்த உழைப்பு. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் பாடம், ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை. அதன்பிறகுதான் 1976இல் ‘அன்னக்கிளி’.

உழைப்பை வரமாக்கிவிட்டால் கூலி தர வேண்டியதில்லை! அதனால்தான் அவர் ராயல்டி கேட்டதும் ‘பேராசை’, ‘திமிர்’ என்று கொதிக்கிறார்கள். இசையமைப்பாளருக்கு ராயல்டியில் பங்குண்டு என்று 2012இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டமே சொல்கிறது. மற்ற மேதைகளுக்கு இருந்தால் ‘வித்வத் கர்வம்’. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவருக்கு மட்டும் திமிரா?

அம்பேத்கரோடு மோடியை ஒப்பிட்டு 2022இல் அவர் எழுதிய முன்னுரையை நாமும் எதிர்க்கிறோம். அரசியலை அரசியலால் எதிர்ப்போம். அதற்கு அவர் பிறப்பை இழுப்பவன் விமர்சகன் அல்ல, சாதிவெறியன்.