முதுகும் ஒரு வாதம்

கொடைக்கானல் மலையில், செண்பகனூரில் 1895-இல் சேசு சபையார் தொடங்கிய திரு இருதயக் கல்லூரிக்குப் போகிறவர்கள், அருங்காட்சியகத்தில் பாடம் செய்த விலங்குகளையும் ஆர்கிட் செடிகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். குருமாணவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே மெய்யியல் படித்தது யாருக்கும் உறைப்பதில்லை. மலைக்கும் சிந்தனைக்கும் ஏதோ ஒட்டு இருக்கத்தான் செய்கிறது. தத்துவவாதி விட்கென்ஸ்டைனும் நார்வேயில் ஏரிக்கு மேலே, மலைச்சரிவில் குடில் கட்டிக்கொண்டவர்தான்.

அவர் வாழ்க்கையை 1990-இல் எழுதிய ரே மங்க், தத்துவம் படித்தவர். வியன்னாவில் தன் நூலுக்கு விளக்கம் கேட்க வந்த அறிஞர்களுக்கு முதுகைக் காட்டி நின்றபடி விட்கென்ஸ்டைன் தாகூர் கவிதை வாசித்த கதை அதில் வருகிறது. கிறுக்குத்தனம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். மங்க் போகவில்லை. சொல்லில் அடங்காதது எது என்று அந்த நூல் எழுப்பிய கேள்விக்குப் பக்கத்தில் அதை வைக்கிறார். முதுகே வாதமாகிவிடுகிறது. அதே மங்க் இன்னொரு தத்துவவாதியான ரஸ்ஸலைப் பற்றி இரண்டு பாகம் (1996, 2000) எழுதியபோது, போகப் போக அவர் மேல் கசப்பு ஏறுவது தெரியும். எனக்கு அதுவும் பிடிக்கும்.

தத்துவம் படித்தவர் இப்படி எழுதிய வாழ்க்கை வரலாறு நம் பக்கம் உண்டா? சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் போதித்த டி.எம்.பி. மகாதேவன், சங்கரரையும் ரமணரையும் பற்றி எழுதினார். கொள்கை விளக்கம் கச்சிதம். ஆனால் பேனா பிடித்த கை கூப்பிய கையாகவே இருக்கிறது. விடிவதற்கு முன்பே ஆசிரமச் சமையற்கட்டில் உட்கார்ந்து காய் நறுக்கிய ரமணரை, ‘நான் யார்’ என்ற கேள்வியோடு கோத்து, தேவைப்பட்டால் கொஞ்சம் சண்டையும் போட்டு எழுதுகிற தமிழ்த் தத்துவவாதி ஒருவருக்காக நான் காத்திருக்கிறேன்.