தோட்டாவை வீட்டில் செய்தால் காசு மிச்சமா?

எதையும் வீட்டில் செய்தால் காசு மிச்சம். இது நம் குடும்பங்களில் ஊறிப்போன எண்ணம். மயிலாப்பூரில் மிளகாய், மல்லியை வறுத்து மிஷினில் கொடுத்து அரைக்கிறார்கள். மொட்டை மாடியில் வடாம் பிழிகிறார்கள். தியாகராய நகரில் துணி வாங்கி வீட்டிலேயே தைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. நல்ல பழக்கம்தான்.

ஆனால் துப்பாக்கித் தோட்டாவை வீட்டில் செய்தால்? அதுவும் மிச்சமா?

அமெரிக்காவில் பலர் இப்படிச் செய்கிறார்கள். ஒரு தோட்டாவில் நான்கு பொருள்கள் உண்டு. பித்தளைக் கூடு, அதன் அடியில் ஒரு கேப்பு, உள்ளே மருந்து, முனையில் குண்டு. சுட்டதும் கேப்பும் மருந்தும் எரிந்துவிடும். குண்டு பறந்துவிடும். பித்தளைக் கூடு மட்டும் மிஞ்சும். அதை எறியாமல் மறுபடி நிரப்புகிறார்கள்.

கணக்கு என்ன?

எந்திரமும் தராசும் வாங்க 30,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தோட்டாவுக்கு 20 ரூபாய் மிச்சம் என்றும் வைத்துக்கொள்வோம். 1,500 தோட்டாக்கள் சுட்ட பிறகுதான் போட்ட முதல் கைக்கு வரும். உட்கார்ந்து நிரப்பிய நேரத்துக்குக் கூலி கிடையாது. "மலிவாகக் கிடைக்கிறதே" என்று முன்னைவிட அதிகமாகச் சுடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு மிச்சம் ஏது?

சென்னையில் எப்படி?

அடையாறு பக்கம் ஒரு பையன் துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் போகிறான் என்றால், முதலில் பிடிப்பது காற்றுத் துப்பாக்கி. 2008-ல் பீஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இதில்தான். 2024-ல் பாரிசில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றது காற்றுப் பிஸ்டலில்தான். இதில் மருந்தும் இல்லை, கூடும் இல்லை. சிறிய ஈயக் குண்டு மட்டும்தான். நிரப்ப ஒன்றும் இல்லை.

அடுத்தது .22 துப்பாக்கி. இந்தத் தோட்டாவில் தனிக் கேப்பு கிடையாது. தீப்பற்றும் மருந்து, கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. சுடும்போது விளிம்பு நசுங்கிவிடும். அந்தக் கூடு மறுபடி உதவாது.

பறக்கும் தட்டைச் சுடும் டிராப் போட்டிக்காரர்களின் பாடுதான் கஷ்டம். புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டது இந்தப் போட்டியில்தான். தகுதிச் சுற்றிலேயே 125 தட்டுகள். ஒரு தட்டுக்கு இரண்டு முறை சுடலாம். பயிற்சிக்கு எத்தனை தோட்டா தீரும் என்று எண்ணிப் பாருங்கள்! இவர்களுக்குச் செலவு குறைய வேண்டும் என்பது நியாயமான ஆசை.

சட்டம் என்ன சொல்கிறது?

துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்சு இருந்தால் போதும், தோட்டாவும் செய்யலாம் என்று நினைப்பது தவறு. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி, தோட்டா தயாரிக்கத் தனி லைசென்சு வேண்டும். தோட்டா செய்யும் எந்திரத்தைக்கூட இந்தச் சட்டம் தோட்டா என்றே கணக்கில் வைக்கிறது. 2019-ல் வந்த திருத்தத்தின்படி, மீறித் தயாரித்தால் 7 ஆண்டுக்குக் குறையாத சிறை. அது ஆயுள் சிறை வரை போகலாம். அபராதமும் உண்டு.

இருபது ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் ஏழு வருடத்தைக் கொடுப்பதா?

வீட்டில் குழந்தை இருக்கிறதே!

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கேப்பு என்பது அடிபட்டால் வெடிக்கும் பொருள். மருந்து, தீப்பொறி பட்டால் எரியும் பொருள். மருந்தின் அளவு தவறினால் துப்பாக்கியே முகத்தருகில் வெடிக்கும். ஈயத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். சமையலறையும் படுக்கையறையும் ஒட்டி இருக்கும் அடுக்குமாடி வீட்டில் இவற்றை எங்கே வைப்பது? ஒரு வீட்டில் தீப்பிடித்தால் பக்கத்து வீடு தப்புமா?

விளையாட்டு வீரர்களின் செலவைக் குறைக்க வழி வேறு. புனே அருகே கட்கியில் 1869 முதல் தோட்டாத் தொழிற்சாலை இருக்கிறது. அது மத்திய அரசுக்குச் சொந்தமானது. போட்டிக்கு ஏற்ற தரமான தோட்டாவைச் சங்கங்கள் மூலம் நியாய விலையில் அரசு கொடுக்கட்டும். அதைக் கேட்பது வீரர்களின் உரிமை.

பொடியும் வடாமும் வீட்டில் தயாராகட்டும். தோட்டா தொழிற்சாலையிலேயே தயாராகட்டும். குடும்பம் பத்திரமாக இருப்பதைவிடப் பெரிய மிச்சம் எது?