வால்காக் கரையில் தேயும் மொழிகள்

வால்கா என்றதும் நம் மாணவர்களுக்கு ராகுல சாங்கிருத்தியாயனின் 'வால்கா முதல் கங்கை வரை' நினைவுக்கு வரும். ஆனால் அந்த ஆற்றங்கரையில் இன்றும் வாழும் சிறுபான்மை இனங்களைப் பற்றி நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஏறத்தாழ 3,530 கிலோமீட்டர் ஓடிக் காஸ்பியன் கடலில் கலக்கும் வால்கா, ருஷியருக்கு மட்டும் உரிய ஆறு அன்று. அதன் நடுப்பகுதியிலும் துணையாறான காமாவின் கரைகளிலும் மாரி, மோர்த்வின், உத்மூர்த் இனத்தார் நெடுங்காலமாக வாழ்கின்றனர். அவர்தம் மொழிகள் பின்லாந்து மொழிக்கு உறவானவை. அவர்களுக்கு அருகிலேயே, துருக்கிய இன மொழி பேசும் தாத்தாரியர் வாழ்கின்றனர். தாத்தாரியரின் கசான் அரசை 1552-இல் ருஷிய மன்னர் நான்காம் இவான் கைப்பற்றினார். அரசு போயிற்று, மொழி போகவில்லை! வீடுகளில் அது வாழ்ந்தது.

ஆனால் இருபதாம் நூற்றாண்டில் நடந்தது என்ன? தாத்தார் மொழிக்கு இருந்த அரபு எழுத்தை 1920-களின் இறுதியில் நீக்கி லத்தீன் எழுத்தைக் கொண்டுவந்தனர். 1939-இல் அதையும் நீக்கி ருஷியரின் சிரில்லிக் எழுத்தைப் புகுத்தினர். பாட்டன் எழுதிய கடிதத்தைப் பேரன் படிக்க இயலவில்லை.

2018-இல் வந்த சட்டம், பள்ளியில் இம்மொழிகளைக் கற்பதைப் பெற்றோரின் விருப்பத்திற்கு விட்டது. "விருப்பம் நல்லதுதானே?" என்று நண்பர்கள் கேட்கலாம். பள்ளி இறுதித் தேர்வு ருஷியத்தில் மட்டுமே நடக்கும்போது, ஏழைத் தந்தை வேறு எதை விரும்புவார்? 2002 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 6 இலட்சத்து 37 ஆயிரமாக இருந்த உத்மூர்த் இனத்தார், 2021-இல் 3 இலட்சத்து 86 ஆயிரமாகக் குறைந்தனர். காரணங்கள் பல, பள்ளியும் அவற்றுள் ஒன்று என்பது என் கருத்து.

2019 செப்டம்பர் 10 அன்று இஷேவ்ஸ்க் நகரில் ஆல்பர்ட் ராசின் என்ற 79 வயது உத்மூர்த் அறிஞர், தம் மொழிக்காகத் தீக்குளித்து மாண்டார். அவர் துயரத்தை மதிக்கிறேன், அவ்வழியை ஏற்கமாட்டேன். மொழிக்குத் தேவை அதைப் பேசும் உயிர்கள்.

என் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். "இன்று என்ன படித்தாய்?" என்று அம்மா கேட்கும்போது, ஆங்கிலத்தில் கற்ற வேதியியலைச் சொல்லத் தமிழ்ச் சொல் கிடைக்காமல் விழிக்கிறேன். அப்போதெல்லாம் அந்தத் தாத்தாரியப் பேரனை எண்ணிக்கொள்கிறேன்.

ஒரு மொழியில் தேர்வும் எழுதலாம், பிழைப்பும் நடத்தலாம் என்ற நிலை வரட்டும். பிறகு எந்தத் தாயும் தன் பிள்ளையை அம்மொழியிலிருந்து விலக்கமாட்டாள்.

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்