இல்லாததைக் கண்ட கருவி

அமெரிக்க நாட்டு நெடுஞ்சாலை ஒன்றை மனக்கண்முன் நிறுத்துங்கள். அகன்ற பாதை. புத்தம்புதிய பிக்கப் வண்டி ஒன்று பாய்ந்து செல்கிறது. முன்னே சாலை வெறிச்சோடிக் கிடக்கிறது. பக்கத்துத் தடத்திலே, கண்ணாடிபோல் பளபளக்கும் பெரியதோர் சரக்கு டிரக். அதைக் கடக்க முற்படுகிறார் ஓட்டுநர். அவர் கால் பிரேக்கைத் தொடவில்லை. ஆயினும் வண்டி தானே பிரேக் போடுகிறது! எச்சரிக்கை ஒலி எழும்புகிறது, சிவப்பு ஒளி மின்னுகிறது. "எதிரே வண்டி! எதிரே வண்டி!" என்று அலறுகிறது கருவி. எதிரே வண்டியும் இல்லை, மாடும் இல்லை, மனிதனும் இல்லை. ஆனால் பின்னே ஒருவர் வருகிறாரே! மணிக்கு 60 மைல் வேகம் என்றால், நொடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர். முன்னவரின் கருவி கண்ட கனவுக்குப் பின்னவர் உயிர் கொடுப்பதா?

நாடக மேடைக்காக நான் புனைந்த காட்சியல்ல இது. 2015இல் ஃபோர்டு நிறுவனம், அவ்வாண்டு மாடல் எஃப்-150 பிக்கப் வண்டிகளில் ஏறத்தாழ 37,000ஐத் திரும்ப அழைத்தது. முன்செல்லும் வண்டிக்கேற்பத் தன் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் கருவி அவற்றில் இருந்தது. அதற்குக் கண்ணாக அமைந்தது ரேடார். அலையை வீசி, அது பட்டுத் திரும்புவதைக் கொண்டு எதிரே இருப்பதை அறிவது ரேடாரின் வேலை. ஒளி தெறிக்கும் பெரிய டிரக்கைக் கடக்கும்போது, பக்கத்துத் தடத்தில் செல்வதைத் தன் தடத்தில் நிற்பதாகக் கருதிவிட்டது அந்தக் கண்! ஒரே ஒரு விபத்துதான் தெரியவந்தது, காயமுற்றோர் எவருமில்லை என்று நிறுவனம் அறிவித்தது. ரேடாரின் மென்பொருளை விற்பனையாளர்கள் காசு வாங்காமல் திருத்தித் தந்தனர்.

காயமில்லாத ஒரு விபத்துக்கு 37,000 வண்டிகளை அழைப்பதா? முதலாளிக்கு இத்தனை இரக்கம் எப்போது பிறந்தது? கேட்குமுன் கொடுத்த கர்ணனாகிவிட்டாரா கார் முதலாளி? இல்லை, தோழர்களே, இல்லை! இரக்கம் அழைத்துவரவில்லை அந்த வண்டிகளை. சட்டம் இழுத்துவந்தது.

அந்தச் சட்டத்தின் வரலாற்றைச் சற்றே புரட்டுவோம். 1965இல் ரால்ஃப் நாடர் என்ற இளம் வழக்கறிஞர் நூல் ஒன்று எழுதினார். விபத்துக்கெல்லாம் ஓட்டுபவனே காரணம் என்று ஓதிவந்த காலம் அது. "வண்டியின் அமைப்பிலேயே குற்றம் உண்டு" என்று அவர் குரல் எழுப்பினார். பதில் சொல்ல வேண்டிய ஜெனரல் மோட்டார்ஸ் என்ன செய்தது தெரியுமா? அவர் பின்னே துப்பறிவாளரை ஏவிற்று! குற்றத்தைத் தேடவேண்டியது காரிலே, அவர்கள் தேடியதோ குற்றம் சொன்னவரின் வாழ்க்கையிலே! செய்தி அம்பலமாயிற்று. 1966 மார்ச்சுத் திங்களில் அந்நிறுவனத்தின் தலைவரே செனட் குழுவின்முன் வந்து மன்னிப்புக் கோரினார். அதே ஆண்டு செப்டம்பரில் வண்டிப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. குறையுள்ள வண்டியைக் காசு வாங்காமல் திருத்தித் தரவேண்டும் என்ற கட்டாயம், அதற்கும் பிறகு, 1974இல்தான் வந்தது.

அந்தச் சட்டம் இருந்தும் மறைத்தவர்கள் உண்டு. அதே ஜெனரல் மோட்டார்ஸின் கார்களில், ஓடும்போதே சாவி நிலை பிசகி, எஞ்சின் அணைந்து, உயிர்காக்கும் காற்றுப்பை விரியாமற்போகும் குறை இருந்தது. நிறுவனத்துக்குள்ளே சிலர் பத்தாண்டுக்கு முன்பே அறிந்திருந்தனர். ஊருக்குச் சொன்னது 2014இல்! திரும்ப அழைக்கப்பட்ட கார்கள் 26 லட்சம். இழப்பீட்டு நிதியத்தார் ஏற்றுக்கொண்ட சாவுக் கணக்கு 124. 2015இல் அரசுக்கு 90 கோடி டாலர் கட்ட இசைந்தது நிறுவனம். டாலரை எண்ணிக் கட்டிவிடலாம். மாண்டவரை மீட்டுத் தர எந்தக் கருவூலத்தால் முடியும்?

இனி பிரேக்குக்கு வருவோம். எஃப்-150இன் கருவிக்கு நெருங்கிய உறவுதான் தானியங்கி அவசர பிரேக். ஓட்டுபவர் அயர்ந்தாலும் மோதலை முன்னுணர்ந்து வண்டியைத் தானே நிறுத்துவது அது. அதற்கும் இதே நோய் வந்ததுண்டு. 2021இல் டெஸ்லா நிறுவனம் அனுப்பிய புதிய மென்பொருளால், காரணமின்றி எச்சரிக்கையோ பிரேக்கோ எழக்கூடும் என்று கண்டு, 11,704 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன.

"பார்த்தீரா! இயந்திரத்தை நம்பினால் இந்தக் கதிதான்" என்கிறார் ஒருவர். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா? கண் தவறினால் கண்ணுக்கு மருத்துவம் செய்வோமேயன்றிக் கண்ணைப் பிடுங்கி எறியோம்.

இவரைவிட வலியவர் இன்னொருவர் இருக்கிறார். அவரைத்தான் நாம் உற்றுநோக்க வேண்டும். 2016இல் 20 கார் நிறுவனங்கள், 2022 செப்டம்பருக்குள் இந்த பிரேக்கைத் தாமே பொருத்துவதாக வாக்களித்தன. வாக்குறுதி சரி. தாமே வாக்களித்து, தாமே செய்து, தாமே மெச்சுவதா? வேலிக்கு ஓணான் சாட்சி!

ஆகவே 2024 ஏப்ரலில் அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் விதி ஒன்றை வெளியிட்டது. மணிக்கு 62 மைல் வேகம்வரை, முன்னுள்ள வண்டியை மோதாமல் நிற்கவேண்டும். பகலிலும் இருளிலும் நடந்துசெல்பவரைக் கண்டுகொள்ள வேண்டும். கார்களோடு பிக்கப் வண்டிகளும் இதற்கு உட்பட்டவை. 2029 செப்டம்பர் என்று கெடுவும் குறித்தது. ஆண்டுக்குக் குறைந்தது 360 உயிர் காக்கப்படும், 24,000 பேர் காயமுறாமல் தப்புவர் என்பது அந்த நிர்வாகத்தின் மதிப்பீடு.

முதலாளிகளின் கூட்டமைப்பு 2025 சனவரியில் நீதிமன்றப் படியேறிற்று. இருக்கும் தொழில்நுட்பத்தால் ஆகாத காரியம் என்றது. வண்டிகள் எதிர்பாராமல் பிரேக் போட, பின்னால் வருபவை மோதும் என்றும் அது முன்னரே எச்சரித்திருந்தது. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்! அந்த அச்சத்துக்கு மருந்து அதே விதியிலேயே இருக்கிறது. சாலையில் கிடக்கும் இரும்புத் தகட்டைக் கண்டு மிரளக்கூடாது, இருபுறமும் நிற்கும் வண்டிகளுக்கு நடுவே செல்லும்போது வீணே பிரேக் போடக்கூடாது என்ற சோதனைகளும் அதில் உள்ளன. வீண் பிரேக்கைக் காட்டி விதியை எதிர்ப்பது, நோயைக் காட்டி மருத்துவரை விரட்டுவது போன்றதன்றோ!

எஃப்-150 நமக்குப் புகட்டும் பாடம் இதுதான். கருவி தவறும். தவறிய கருவியைத் திருத்த வைக்கும் அதிகாரம் மக்கள் கையில் இருக்கவேண்டும். கருவி வளர வளர, அந்த அதிகாரமும் வளரவேண்டும்.

நமக்கும் இதில் பங்குண்டு. குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கக் கட்டளையிடும் அதிகாரத்தை இந்தியச் சட்டம் பெற்றது 2019இல். அமெரிக்கச் சட்டம் பிறந்து 53 ஆண்டுகளுக்குப் பிறகு! அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் முதல் நாள் நடப்புக்கு வந்தன. அந்தக் கட்டளை பிறப்பதற்குச் சட்டம் காட்டும் வழிகளில் ஒன்று, குறிப்பிட்ட விழுக்காட்டு உரிமையாளர்கள் குறையை முறையிடுவது. வாய்மூடி இருப்பவரின் வண்டியைச் சட்டம் எப்படி அறியும்?

ஆகவே, தோழர்களே! வண்டி வைத்திருப்பவரைக் கண்டால் சொல்லுங்கள். குறை கண்டால் விதியை நொந்து வீட்டில் அமராதீர், எழுதிக் கொடுங்கள். அழைப்பு வந்தால் அலட்சியம் செய்யாதீர். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். காசு கேட்டால் சட்டத்தைக் காட்டுங்கள். நீங்கள் கேட்பது சலுகை அல்ல, உரிமை! முறையிட்டவர் ஒருவராயினும், பிழைப்பவர் பின்னே வருகிறவர் அனைவருமே!