சாவியை வாங்குமுன் கூரையைப் பாருங்கள்



சம்பளத்தைப் பற்றிப் பேசாத சங்கக் கூட்டம் நம்மிடம் கிடையாது. வீட்டைப் பற்றியும் பேசுகிறோம். ஆனால் எத்தனை வீடு வந்தது, யாருக்குக் கிடைத்தது, எந்தத் தோட்டத்தில் அடிக்கல் நாட்டினார்கள் என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த வீட்டில் இரவில் பிள்ளைகள் எப்படித் தூங்குவார்கள், அடுப்புப் புகை எந்த வழியால் வெளியே போகும் என்று யாரும் கேட்பதில்லை. குளிரும் வெக்கையும் புகையும் தொழிற்சங்கப் பிரச்சினைகள்தான் என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் தோட்டத்துப் பிள்ளை ஒருவர் கொழும்பில் பல வருடம் மேசன் வேலை செய்தவர். இப்போது காணி வாங்கி வீடு கட்டி விற்கும் தொழிலில் இறங்கியிருக்கிறார். அவர் என்னிடம் சொன்னார்: "டீச்சர், வீடு வாங்க வாறவங்க சுவத்துப் பெயின்டப் பாக்கிறதில்ல. அண்ணாந்து கூரையத்தான் பாக்கிறாங்க. சீலிங் இருக்கா, காத்து எங்கிட்டு வருது, வெயில் எந்தப் பக்கம் அடிக்குதுன்னு கேக்கிறாங்க. நம்ம ஆளுக சாவிய வாங்கின சந்தோசத்துல ஒண்ணையும் கேக்கிறதில்ல."

தானமாகக் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த வீடு தானமல்ல. 200 வருட உழைப்புக்கு வந்து சேர வேண்டிய பாக்கி. ஆகவே பல்லையும் பார்க்கலாம், கூரையையும் பார்க்கலாம்.

நுவரெலியா நகரம் 6,000 அடிக்கு மேல் இருக்கிறது. தை, மாசி மாதங்களில் அந்தப் பக்கம் கொழுந்து கருகும் அளவுக்கு உறைபனி விழுகிறது. அப்படிப்பட்ட இடத்திலும் நம் லயத்துக் காம்பராக்களுக்கு மேலே இருப்பது வெறும் தகரம். அடுப்புச் சூடும் உடம்புச் சூடும் மேலே எழும்பித் தகரம் வழியாகப் போய்விடுகின்றன. விடியற்காலையில் தகரம் காற்றை விடக் குளிர்ந்து போவதால், நாம் விடும் மூச்சின் ஈரம் அதில் பட்டுத் தண்ணீராகச் சொட்டுகிறது. மழை இல்லாத நாளிலும் கம்பளி நனைவது இதனால்தான். இரத்தினபுரி, கேகாலை, களுத்துறைப் பக்கத்து இறப்பர் தோட்டங்களில் இதே தகரம் பகலில் அடுப்புக் கல்லாகக் கொதிக்கிறது.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: சீலிங். கம்பளி தானாகச் சூடு தருவதில்லை, நம் உடம்புச் சூட்டைப் போகவிடாமல் பிடித்து வைக்கிறது. சீலிங்குக்கும் தகரத்துக்கும் நடுவே நிற்கும் காற்றும் அந்த வேலையைத்தான் செய்கிறது. வெக்கையான இடமென்றால் முகட்டுச் சுவரில் காற்று போக ஓட்டை விட வேண்டும். தகரத்தின் வெளிப்பக்கம் வெள்ளை பூசினாலும் வெயிலில் ஒரு பகுதி திரும்பிப் போகும்.

சீலிங் வரும்வரை நாமே செய்யக்கூடியவை சில உண்டு. லயத்தின் பின்பக்கக் கானைத் துப்புரவாக வைத்திருங்கள். கான் அடைபட்டால் மண்மேட்டுத் தண்ணீர் சுவருக்குள் ஊறும், ஈரச் சுவர் உள்ள அறை ஒருநாளும் சூடாகாது. வெயில் இருக்கும் நேரத்தில் ஜன்னலைத் திறந்து, பொழுது சாய்வதற்கு முன் மூடுங்கள். இரவில் வாசல் கதவின் அடியில் சாக்கைச் சுருட்டி வையுங்கள். ஆனால் குளிருக்குப் பயந்து குசினியின் புகை போகும் வழியை அடைக்காதீர்கள். மிலாறை நன்றாகக் காயவைத்து எரித்தால் புகை குறையும். இரண்டு சட்டி வைக்கும் அனாகி அடுப்புக்கு விறகும் குறைவாகவே வேண்டும். புகையில் இருமி இருமி இரவெல்லாம் விழித்திருந்த பிள்ளை, காலையில் என் வகுப்பில் மேசையில் தலை சாய்க்கிறது. அந்தப் பிள்ளையைப் படிப்பில் மந்தம் என்று நான் எப்படி எழுதுவேன்?

செய்யவே கூடாதவையும் உண்டு. தணல் போட்ட சட்டியைப் பூட்டிய அறைக்குள் வைத்துத் தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். உரச் சாக்கையும் பொலித்தீனையும் அடுப்புக்கு மேலே சீலிங்காகக் கட்டாதீர்கள். ஒரு காம்பராவில் பிடித்த தீ கூரை வழியாக முழு லயத்துக்கும் ஓடும் என்பது நமக்குத் தெரியாததல்ல. பழைய வயரில் ஹீட்டர் போடுவதும் அதே ஆபத்துதான். அஸ்பெஸ்டஸ் தகடு உள்ள இடத்தில் அதை அறுக்கவோ துளைக்கவோ உடைக்கவோ வேண்டாம். அந்தத் தூசு நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும்.

இவ்வளவும் நம் கையில் உள்ளவை. நம் கையில் இல்லாததுதான் பெரியது.

2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி, ஏற்கனவே இருந்த 4,000 வீட்டுத் திட்டத்துக்கு மேலதிகமாக 10,000 வீடுகளை அறிவித்தார். 7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி வீடு. லயத்துக் காம்பராவில் மூன்று தலைமுறை ஒன்றாகப் படுத்த நமக்கு அது பெரிய முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் போய்ப் பார்த்த சில புது வீடுகளிலும் அண்ணாந்தால் கூரைத் தகடுதான் தெரிகிறது. வீடு புதிது, குளிர் பழையது.

"முதலில் வீடு வரட்டும், சீலிங்கைப் பிறகு பார்க்கலாம்" என்று சொல்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். சீலிங்கையும் புகைபோக்கியையும் சேர்த்தால் செலவு கூடும், வீடுகளின் எண்ணிக்கை குறையலாம் என்ற அவர்களுடைய பயம் நியாயமானது. ஆனால் மேசனும் தச்சரும் வேலைத்தலத்தில் நிற்கும்போது செய்வதை விட, பிறகு தனியாக ஆள் பிடித்துச் செய்வதற்கே செலவு கூட. அந்தச் செலவும் நாட்சம்பளக்காரர் தலையில்தான் விழும். "பிறகு" என்று நமக்குச் சொல்லப்பட்டவை எத்தனை வந்து சேர்ந்தன என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

அந்த மேசன் தம்பி இன்னொன்றும் சொன்னார்: "உறுதி இல்லாத வீட்டுக்கு வெல கிடையாது டீச்சர்." 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போன பிறகும் நாம் இருக்கும் காம்பரா நம்முடையதாகவில்லை. நாளைக்கு வெளியே போ என்று சொல்லக்கூடிய காம்பராவுக்கு யார் கடன் பட்டுச் சீலிங் போடுவார்? காணி உறுதி கையில் இருந்தால் மனிதர் தன் வீட்டைத் தானே திருத்துவார்.

ஆகவே நம் கோரிக்கைகள் இவையாக இருக்கட்டும். குளிர்ப் பிரதேசத்துக்கும் வெக்கைப் பிரதேசத்துக்கும் வெவ்வேறு வீட்டுத் திட்டம் வரைய வேண்டும். சீலிங்கும் புகைபோக்கியும் ஆரம்ப மதிப்பீட்டிலேயே சேர வேண்டும். லயங்களில் மக்கள் இருக்கும்வரை கூரையையும் கானையும் நிர்வாகம் திருத்திக் கொடுக்க வேண்டும். காணி உறுதி கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதப்பட வேண்டும்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு முன், மாதர் அணித் தோழிகள் லயம் லயமாகப் போய் எந்தக் காம்பராவில் தகரம் ஒழுகுகிறது, எந்தக் குசினியில் புகை போக வழியில்லை என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். தலைவர்மார் அதை எழுத்து மூலம் நிர்வாகத்திடம் கொடுத்து, கிடைத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். வாயால் சொன்னது பெரட்டுக்களத்தோடு போய்விடும். எழுதிக் கொடுத்ததற்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.